போனுக்கும் சார்ஜ் ஏற்றும் எமர்ஜென்சி டார்ச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளக்கு, போன் சார்ஜர், எஃப்.எம். ரேடியோ, சைரன், கார் கண்ணாடி உடைக்கும் முனை என்று எல்லாவற்றையும் ஒரே கைப்பிடிக்குள் அடைத்த டார்ச் இப்போது கடைத்தெருவிலும் கிடைக்கிறது, ஆன்லைனிலும் கிடைக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் வந்தால் இதைப் பற்றிய விசாரிப்பும் தொடங்கிவிடும். டெல்டா கடலோரத்தில் சின்ன மின்சாதனங்களைப் பழுது பார்க்கிற வேலை என்பதால், இந்த டார்ச்சுகளை வெளியிலும் உள்ளேயும் பார்த்து வருகிறேன். இது முதலில் விளக்கு. போனுக்கு உயிர் கொடுப்பது அதற்கு அடுத்த வேலை. இந்த வரிசையை மனதில் வைத்து வாங்கினால் நல்ல பொருள், மாற்றி வைத்து வாங்கினால் புயல் நேரத்தில் கைவிட்டுவிடும். கீழே வரும் பதில்கள் எல்லாம் அதை ஒட்டித்தான்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கு, பவர் பேங்க் இருக்கு, போனிலேயே டார்ச் இருக்கு. இது தனியாக எதற்கு?

நாலைந்து மணி நேர மின்தடைக்கு இது தேவையில்லை, இன்வெர்ட்டர் போதும். நாள்கணக்கில் கரண்ட் வராத நிலைமைதான் வேறு. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் உள்கிராமங்கள் பலவற்றில் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. ஜெனரேட்டர் ஓடுகிற இடமாகத் தேடிப் போய், காசு கொடுத்துப் போனுக்குச் சார்ஜ் ஏற்றி வந்த நாள்களை அந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்காரர்களுக்கு 2016 வர்தாவும் 2023 மிக்ஜாமும் நினைவிருக்கும். தண்ணீர் தேங்கிய தெருக்களில் யாருக்கும் ஷாக் அடித்துவிடக் கூடாது என்று மின்வாரியமே இணைப்பை நிறுத்தி வைக்கும். நீர் வடியும்வரை அது வராது. இன்வெர்ட்டர் முதல் நாளே படுத்துவிடும்.

போன் டார்ச்சைப் பொறுத்தவரை ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாள்களில் போன் என்பது பேசவும் செய்தி அனுப்பவும் மட்டும்தான். அதை வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொண்டு நடந்தால், ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டிய சார்ஜ் படிக்கட்டிலும் கழிவறையிலும் தீர்ந்துபோகும். தனி விளக்கு ஒன்று இருந்தாலே போன் நிறைய நேரம் தாங்கும். இந்த டார்ச் போனுக்குச் செய்கிற பெரிய உதவி, சார்ஜ் ஏற்றுவதைவிட, அதன் வேலையைத் தான் வாங்கிக்கொள்வதுதான்.

ஒரு தடவை முழுசாக சார்ஜ் போட்ட டார்ச், போனை எத்தனை தடவை ஏற்றும்?

பெரும்பாலான டார்ச்சுகள் ஒரு தடவைகூட முழுசாக ஏற்றாது. கணக்கைப் பார்த்துவிடுவோம்.

இன்றைய ஸ்மார்ட்போன் பேட்டரி பெரும்பாலும் 5000 எம்ஏஎச் (மில்லியாம்பியர்-மணி). அதன் மின்னழுத்தம் சுமார் 3.85 வோல்ட். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 19 வாட்-மணி சொச்சம், பேட்டரிக்குள் அடங்குகிற மொத்த ஆற்றல் அதுதான். டார்ச்சுக்குள் இருப்பது வழக்கமாக ஒரே ஒரு 18650 செல், அதாவது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள லித்தியம் அயான் உருளை. 2500 எம்ஏஎச் நல்ல செல் என்று வைத்துக்கொண்டால் 3.7 வோல்ட்டில் 9 வாட்-மணி. அந்த 3.7 வோல்ட்டை யூஎஸ்பி கேட்கிற 5 வோல்ட்டாக உயர்த்தும்போது கொஞ்சம் சூடாகிப் போகும். போன் அதை மறுபடி தன் பேட்டரிக்குள் ஏற்றும்போது இன்னும் கொஞ்சம் போகும். கடைசியில் போனுக்குள் சேருவது ஏழு வாட்-மணிக்குள்தான், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் டார்ச் முழுசாகக் காலியாகி, வெளிச்சமும் இல்லாமல் போயிருக்கும்.

அதனால் பாதி செல்லுக்கு மேல் போனுக்குக் கொடுக்காதீர்கள். 15 சதவீதம் ஏற்றினால்கூட, அளவாகப் பயன்படுத்துகிற போன் ஒரு நாளை ஓட்டிவிடும்.

இதில் இன்னொரு வழியும் இருக்கிறது. பட்டன் போன் பேட்டரி சுமார் 1000 எம்ஏஎச்தான், நாலு வாட்-மணிக்கும் குறைவு. ஸ்மார்ட்போனை மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஏற்றுகிற அதே டார்ச், பட்டன் போனை ஒன்றரை தடவைக்கு மேல் ஏற்றும். அந்தப் போன் சும்மா இருந்தால் பல நாள் தாங்கவும் செய்யும். கடலோரத்தில் இருப்பவர்கள் வீட்டுக்கு ஒரு பட்டன் போனை, உங்கள் சிம் ஓடுகிற 4ஜி ரகமாகப் பார்த்து, இந்த டார்ச்சோடு சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. இரண்டும் அளவு பொருந்திய ஜோடி.

பெட்டியில் 9900 எம்ஏஎச் என்று போட்டிருக்கிறதே, அப்போதும் போதாதா?

அந்த எண் பொய். 18650 அளவில் நல்ல நிறுவனங்கள் செய்கிற செல்லே பெரும்பாலும் 2000 முதல் 3500 எம்ஏஎச் வரைதான் வருகிறது. அந்த உருளைக்குள் 9900 அடங்க வழியே இல்லை.

பின்மூடியைத் திருகி செல்லை வெளியே எடுக்க முடிகிற டார்ச் என்றால், கையில் எடுத்துப் பாருங்கள். தரமான 18650 செல் 45 கிராமை ஒட்டி எடை இருக்கும், உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். பளபளவென்று மேலுறை போட்டு 9900 என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த செல் பல நேரம் அதைவிட நன்றாகவே இலேசாக இருக்கும். நகைக்கடைத் தராசு தேவையில்லை, சமையலறையில் இருக்கிற சின்ன டிஜிட்டல் தராசு போதும். எழுதியிருக்கிற எண் எவ்வளவு பெரிதோ, உள்ளே இருப்பது அவ்வளவு குறைவு என்பதுதான் பிரித்துப் பார்த்தவரை நான் கண்டது.

21700 என்ற கொஞ்சம் பெரிய செல்லும் உண்டு. 21 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம். அதில் 4000 முதல் 5000 எம்ஏஎச் வரை உண்மையாகவே கிடைக்கும். போன் சார்ஜ் முக்கியம் என்றால் இந்த செல் போட்ட டார்ச்சைத் தேடுங்கள். பெட்டியில் வாட்-மணியில் எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். வாட்-மணியை வெளிப்படையாகப் போடுகிற தயாரிப்பாளர் மீது எனக்கு நம்பிக்கை கூடும். எம்ஏஎச் மட்டும் பெரிதாகவும் மற்றதெல்லாம் மௌனமாகவும் இருந்தால் தள்ளிவைத்துவிடுவேன்.

சில டார்ச்சுகளில் இருக்கிற சுழற்று கைப்பிடியைச் சுற்றினால் போனுக்கு சார்ஜ் ஏறும் என்கிறார்களே?

ஏற்றலாம். எவ்வளவு ஏறும் என்பதைத்தான் விளம்பரத்தில் சொல்வதில்லை.

இந்தச் சின்னக் கைப்பிடிகளைச் சலிக்காமல் சுற்றினால் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு வாட் கிடைக்கும். பத்து நிமிடம் விடாமல் சுற்றினால், வழியில் வீணாவது போக, ஸ்மார்ட்போனில் ஒரு சதவீதம் ஏறும். பட்டன் போனில் ஐந்து சதவீதத்தை ஒட்டி ஏறும். ஒரு அவசர அழைப்புக்கு அந்த ஒரு சதவீதம் போதும், அந்த நேரத்தில் அது பெரிய விஷயம்தான். ஆனால் போனை முழுசாக ஏற்ற இதை நம்ப முடியாது. தோள் விட்டுப்போகும், அதற்கு முன்னால் பற்சக்கரம் விட்டுப்போகும்.

உள்ளே திறந்தால் காரணம் தெரியும். கைப்பிடிக்குக் கீழே மூன்று நான்கு பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்தபடி இருக்கும். நாம் மெதுவாகச் சுற்றுவதை அவை பல மடங்கு வேகமாக்கி, கடைசியில் இருக்கிற கட்டைவிரல் அளவு டைனமோவுக்குக் கொடுக்கும். வேகமாகச் சுற்றினால் அழுத்தம் முழுவதும் முதல் சக்கரத்தின் பற்களில் விழும். பல் மழுங்கிவிட்டால் கைப்பிடி ‘கடக் கடக்’ என்று வழுக்கும், அத்தோடு அதன் வேலை முடிந்தது. நொடிக்கு இரண்டு சுற்று, ஒரே சீராக, நடுநடுவே கைமாற்றிச் சுற்றுங்கள். அதுதான் அதற்கு ஏற்ற வேகம்.

கையால் முறுக்குவது போனைவிட ரேடியோவுக்குத்தான் பொருந்தும். பிரிட்டனைச் சேர்ந்த டிரெவர் பேலிஸ் 1990களின் தொடக்கத்தில் முறுக்கி ஓடவிடும் ரேடியோவை உருவாக்கியது, ஆப்பிரிக்காவில் மின்சாரமும் பேட்டரியும் எட்டாத ஊர்களுக்கு எய்ட்ஸ் பற்றிய தகவல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. சின்ன ரேடியோ ஒரு வாட்டில் ஒரு சிறு பங்கில் பாடிவிடும். டார்ச்சின் மங்கல் வெளிச்சமும் அப்படித்தான், ஒரு நிமிடம் சுற்றினால் சில நிமிடம் எரியும். கைப்பிடி இருந்தால் நல்லது. அதற்காகவே கூடுதல் விலை கொடுத்து, சின்ன செல் உள்ள டார்ச்சை வாங்காதீர்கள்.

முதுகில் சோலார் தகடு இருக்கிறது. வெயிலில் வைத்தால் ஏறிவிடுமா?

உள்ளங்கையை விடச் சின்ன தகடு, நல்ல வெயிலில் அரை வாட் தரும். 9 வாட்-மணி செல்லை அது நிரப்ப 20 மணி நேரத்துக்கு மேல் நேரான வெயில் வேண்டும். நடைமுறையில் நாலைந்து நாள். புயல் வருகிற நவம்பர், டிசம்பர் மூட்டத்தில் இன்னும் பல மடங்கு இழுக்கும். அவசரத்துக்கு ஒரு துளி என்ற அளவில் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: கோடையில் சார்ஜ் ஏறட்டும் என்று மொட்டை மாடியிலோ கார் டாஷ்போர்டிலோ நாள் முழுவதும் போட்டுவிடாதீர்கள். லித்தியம் செல்லை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. கத்திரி வெயிலில் மூடிய காருக்குள் வெப்பம் அதை எளிதாகத் தாண்டும். சோலாரை நம்பியே ஆக வேண்டிய இடமென்றால், தனியாக 10 வாட் மடக்குத் தகடு வாங்கி டார்ச்சின் யூஎஸ்பி வாயில் சொருகுங்கள், தகடு வெயிலிலும் டார்ச் நிழலிலும் இருக்கட்டும்.

எத்தனை லூமன் வேண்டும்?

லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு. வீட்டுக்குள் 30 முதல் 50 லூமன் போதும். வெளியே போய்ப் பார்க்க 200, 300 இருந்தால் தாராளம். எல்ஈடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும். அப்படியானால் “10000 லூமன்” என்று போட்டிருக்கும் ஒற்றை செல் டார்ச் 100 வாட் இழுக்க வேண்டும், அந்த செல்லால் அது முடியாது.

நீங்கள் பார்க்க வேண்டியது அதிகபட்ச வெளிச்சத்தை அல்ல, குறைந்தபட்ச வெளிச்சத்தை. 30 லூமனில் எரியும் நிலை ஒன்று இருந்தால் 9 வாட்-மணி செல் 25 மணி நேரத்தைத் தாண்டும். இரவுக்கு ஆறு மணி நேரம் என்றால் நான்கு இரவு. ஒரே ஒரு பளீர் நிலை மட்டும் உள்ள டார்ச் முதல் இரவிலேயே காலியாகும். பளீர், மங்கல், எஸ்ஓஎஸ் (உதவி கேட்கும் மினுக்கல்), மின்னல் என்று ஒவ்வொன்றாக அழுத்திப் போக வேண்டிய சுவிட்சும் எரிச்சல்தான். மங்கலுக்கு நேராகப் போகிற மாதிரி இருந்தால் அதை எடுங்கள்.

அறை முழுவதும் வெளிச்சம் வேண்டுமா? டார்ச்சைச் செங்குத்தாக நிறுத்தி வெள்ளைக் கூரையைப் பார்க்க வையுங்கள். ஓட்டு வீடு, கூரை வீடு என்றால் ஒளி ஊடுருவும் வெள்ளைப் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, அதை டார்ச்சின் முகப்பு மேல் வைத்தால் வெளிச்சம் பரவும்.

இரண்டு முள் மடித்து வெளியே வரும் டார்ச், நேரே ப்ளக் பாயிண்டில் சொருகலாம். வசதியாக இருக்கிறதே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

விலை குறைந்த சார்ஜ் லைட்டுகளில், மின்னழுத்தத்தை இறக்கி வீட்டுக் கரண்டிலிருந்து பிரித்து வைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதில்லை. 230 வோல்ட்டை ஒரு கெபாசிட்டர் வழியாகவே இறக்கி பேட்டரிக்குக் கொடுக்கிறார்கள். பிரித்தால் சின்ன செவ்வகக் கெபாசிட்டர் ஒன்று, பக்கத்தில் ஒரு ரெசிஸ்டர், நாலு டையோடு, அவ்வளவுதான். எண்ணெய்க் கறை படிந்த பழைய ரேடியோவில்கூட அதைவிடக் கூடுதலாக இருக்கும். இந்த ஏற்பாட்டில் பேட்டரி, எல்ஈடி, சுவிட்சின் உலோகம் எல்லாமே வீட்டு மின்கம்பியோடு நேரடித் தொடர்பில் இருக்கின்றன. ப்ளக்கில் இருக்கும்போது கண்ணாடி விரிசல் வழியாகவோ திருகாணி வழியாகவோ கை பட்டால் ஷாக் அடிக்கும். ஈரக்கையாக இருந்தால் உயிரே போகலாம்.

இப்போது இதோடு யூஎஸ்பி வாயைச் சேர்த்து “போன் சார்ஜும் செய்யும்” என்று விற்கிறார்கள். ப்ளக்கில் சொருகிய நிலையில் அதே டார்ச்சிலிருந்து போனுக்கு வயர் கொடுத்தால், அந்த 230 வோல்ட் வயர் வழியே போனின் உலோக விளிம்புவரை வர வாய்ப்பிருக்கிறது. போனைக் காதில் வைத்திருப்பவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். அதனால் முள் உள்ள டார்ச் ப்ளக்கில் இருக்கும்போது போனை அதில் மாட்டவே கூடாது, சுவிட்சைத் தொடவும் கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டவும் விடக் கூடாது.

இவற்றில் பல, பேட்டரி நிறைந்ததும் தானாக நிற்காது. உள்ளே இருப்பது 4 வோல்ட் லெட் ஆசிட் (ஈய-அமில) பேட்டரி என்றால், இரவு முழுவதும் கொதித்து சில மாதத்தில் வறண்டுபோகும். “போன தடவை நன்றாக எரிந்ததே” என்று வருகிறவர்களின் டார்ச்சில் பெரும்பாலும் இதுதான் கதை.

புதிதாக வாங்குவதானால் டைப்-சி வாய் வழியாக, போன் அடாப்டரில் சார்ஜ் ஏறும் டார்ச்சை வாங்குங்கள். நல்ல அடாப்டர் 230 வோல்ட்டைத் தனியாகப் பிரித்து வைத்துவிடும்.

தரமுத்திரை எதைப் பார்ப்பது?

பவர் பேங்க்குகளும் லித்தியம் செல்களும் இந்தியத் தரநிர்ணய அமைப்பில், அதாவது பிஐஎஸ்ஸில், கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டியவை. பதிவான பொருளில் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு கோடும் எட்டு இலக்கமும் அச்சாகி இருக்கும். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தத் தயாரிப்பாளர், எந்தப் பொருள் என்று காட்டும். கடையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். எண் வேறு பொருளுக்கு உரியது என்று வந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மழையில் நனையலாமா?

பெட்டியில் இருக்கிற நீர் தாங்கும் குறியீட்டைப் பாருங்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் மழையைத் தாங்கும். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். ஆனால் சார்ஜ் வாயின் ரப்பர் மூடி இறுக்கமாக இருந்தால்தான் இரண்டுமே செல்லுபடி. ரேடியோ, கைப்பிடி, சோலார் எல்லாம் சேர்ந்த டார்ச்சில் ஓட்டைகள் அதிகம், நனைய விடாமல் பார்த்துக்கொள்வதுதான் நல்லது. ஈரமான வாயில் ஒருபோதும் வயரைச் சொருகாதீர்கள்.

ரேடியோ இருக்கிறதை வாங்கலாமா?

வாங்கலாம், எனக்கு அது பிடித்த அம்சம். செல்போன் கோபுரங்களில் பேட்டரியும் டீசலும் தீர்ந்த பிறகு, போனில் சார்ஜ் இருந்தும் செய்தி வராது. அப்போது ஆகாசவாணியின் வானிலைச் செய்தியைக் கேட்க இது உதவும். எஃப்.எம்.மோடு மீடியம் வேவும் இருக்கிற மாதிரி பாருங்கள், தூரத்து நிலையம் எடுக்கும். மீடியம் வேவ் கேட்கும்போது இரைச்சல் வந்தால் டார்ச் விளக்கையும் போன் சார்ஜையும் நிறுத்திப் பாருங்கள். உள்ளே மின்னழுத்தத்தை ஏற்றுகிற சுற்றுதான் பெரும்பாலும் அந்த இரைச்சலுக்குக் காரணம்.

கண்ணாடி உடைக்கும் முனை, சீட் பெல்ட் வெட்டி, காந்தம், சைரன்?

காந்தம் உண்மையிலேயே பயன்படும். ஜன்னல் கம்பியிலோ வண்டியின் தகரத்திலோ ஒட்டிவிட்டு இரண்டு கையாலும் வேலை பார்க்கலாம். சைரன் மாடியில் சிக்கியவர்களுக்கு உதவும், ஆனால் செல்லை வேகமாகத் தின்னும். அந்த வேலையை ஒரு சாதாரண விசில் இன்னும் நன்றாகச் செய்யும், டார்ச்சின் கயிற்றிலேயே கட்டிவிடுங்கள்.

கண்ணாடி முனையைப் பற்றித் தெரிந்தே ஆக வேண்டியது: காரின் முன்கண்ணாடி நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி. எவ்வளவு குத்தினாலும் விரிசல் விடுமே தவிர வழி விடாது. பக்கவாட்டு ஜன்னலின் மூலையில்தான் குத்த வேண்டும். சில புதிய கார்களில் பக்கக் கண்ணாடியும் ஒட்டுக் கண்ணாடியாகவே வருகிறது, உங்கள் காரில் எது என்று கண்ணாடி மூலையில் இருக்கும் அச்சைப் பார்த்து இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். சுரங்கப்பாதையில் தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் முதலில் பெல்ட்டைக் கழற்றுங்கள், உடனே ஜன்னலை இறக்கிப் பாருங்கள், அது நகராவிட்டால் குத்துங்கள். டார்ச் டிக்கியில் கிடந்தால் இதில் எதுவும் நடக்காது, ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

மெழுகுவர்த்தி போதாதா?

கூரை வீட்டில், காற்று நேரத்தில், குழந்தைகள் தூங்கும் அறையில் மெழுகுவர்த்தி வேண்டாம். காஸ் வாசனை வந்தால் நெருப்பு மட்டுமல்ல, வீட்டுக்குள் எந்த சுவிட்சையும், டார்ச் சுவிட்சைக்கூட, தட்டாதீர்கள். டார்ச்சை வெளியே நின்று போட்டுக்கொண்டு உள்ளே வாருங்கள்.

வெள்ளம் வடிந்த வீட்டில் பாம்பு ஒதுங்கியிருக்கும். டார்ச்சை இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பிடித்தால் தரையில் நிழல் நீளமாக விழும், சுருண்டு கிடப்பது கண்ணில் படும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

ப்ளக்கில் சொருகி ஓட்டுகிற நெபுலைசர், ஆக்சிஜன் மெஷின் இதில் ஓடுமா?

ஓடாது. வீட்டு ஆக்சிஜன் மெஷின் சுமார் 300 வாட் இழுக்கும். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் புயல் எச்சரிக்கை வந்த அன்றே மருத்துவமனையில் பேசி ஏற்பாடு செய்யுங்கள். டார்ச்சை இதில் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

வருடம் முழுவதும் அலமாரியில்தான் இருக்கும். கெட்டுப்போகாமல் எப்படி வைப்பது?

லித்தியம் செல்லை முழுசாக நிரப்பி வைத்தாலும் மெல்ல மூப்படையும், காலியாக வைத்தால் செத்தே போகும். கோடையில் பாதிக்குச் சற்று மேலே இருக்கட்டும். செப்டம்பர் கடைசியில் நிரப்புங்கள், டிசம்பர் முடியும்வரை மாதம் ஒருமுறை சரிபாருங்கள். லெட் ஆசிட் பேட்டரி என்றால் எப்போதும் நிரப்பியே வைக்க வேண்டும், காலியாக ஒரு மாதம் கிடந்தால் உள்ளே உப்பு படிந்து மறுபடி ஏற மறுக்கும். பென்சில் செல் போடும் டார்ச் என்றால் செல்லைக் கழற்றித் தனியாக வையுங்கள், ஒழுகினால் ஸ்பிரிங்கை அரித்துவிடும்.

சரிபார்க்கும்போது விளக்கை மட்டும் போட்டுப் பார்த்து வைத்துவிடாதீர்கள். போனை மாட்டி ஐந்து நிமிடம் ஏறுகிறதா என்றும் பாருங்கள். விளக்குக்கு மீதமிருக்கிற செல், போனை மாட்டினதும் படுத்துவிடுவது உண்டு. மூப்படைந்த செல்லின் முதல் அறிகுறி அதுதான்.

செல் உப்பியிருக்கிறது. தண்ணீரில் மூழ்கி எடுத்தோம். பயன்படுத்தலாமா?

இரண்டுக்கும் ஒரே பதில்தான், வேண்டாம். கடல்நீர் புகுந்த செல்லுக்குள் அரிப்பு தொடர்ந்து நடந்து, காய்ந்த பிறகும் நாள் கழித்துத் தீப்பிடிக்கலாம். சார்ஜில் போடாதீர்கள். எரியக்கூடிய பொருள் பக்கத்தில் இல்லாமல், வீட்டுக்கு வெளியே மண்சட்டியில் மணல் போட்டு அதில் வையுங்கள். அப்புறம் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். குப்பைத்தொட்டியிலும் போகி நெருப்பிலும் போடக் கூடாது.

விமானத்தில் கொண்டுபோகலாமா?

லித்தியம் செல் உள்ளதால் கைப்பையில்தான். 100 வாட்-மணிக்குள் இருப்பதால் பேட்டரியைப் பொறுத்தவரை தடையில்லை, உங்கள் விமான நிறுவனத்தின் அன்றைய விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மொத்தத்தில் எப்படிப்பட்டதை வாங்குவது?

டைப்-சியில் சார்ஜ் ஏற வேண்டும். 18650 அல்லது 21700 செல், கழற்றி மாற்றக்கூடியதாக. மங்கல் வெளிச்ச நிலை. செல்லில் எவ்வளவு மீதி என்று காட்டும் புள்ளிவிளக்குகள். ஐபிஎக்ஸ்4 ஆவது. பதிவு எண். இவ்வளவும் சரியாக இருந்த பிறகு ரேடியோவும் காந்தமும் இருந்தால் சந்தோஷம்.

அதோடு 10000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 37 வாட்-மணி அது, ஸ்மார்ட்போனை ஒன்றரை தடவைக்குச் சற்றுக் குறைவாக ஏற்றும். டார்ச்சிலும் சார்ஜ் வாய் இருப்பதால் பவர் பேங்க்கிலிருந்து டார்ச்சை ஏற்றிக்கொள்ளவும் முடியும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் தலையில் மாட்டும் விளக்கு ஒன்றும் வேண்டும். கைத்தடி பிடித்து நடப்பவரிடம் டார்ச்சைப் பிடிக்கச் சொல்ல முடியாது.

புயல் எச்சரிக்கை வந்துவிட்டது, ஒரு நாள்தான் இருக்கிறது. என்ன செய்ய?

எல்லாவற்றையும் உடனே சார்ஜில் போடுங்கள், முதலில் பவர் பேங்க், பிறகு டார்ச், கடைசியாகப் போன்கள். காற்று வலுத்த பிறகு கரண்ட் எப்போது வேண்டுமானாலும் நிற்கும். கரண்ட் போனதும் வீட்டில் ஒரு போனை மட்டும் உயிரோடு வைத்து மற்றவற்றை அணைத்துவிடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே சார்ஜைத் தீர்க்கும். அதனால் ஃபிளைட் மோடில் வைத்து, மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் மட்டும் திறந்து பாருங்கள். பேசுவதைவிட எஸ்எம்எஸ் எளிதாகப் போகும். வெளியூரில் இருக்கும் ஒரே ஒரு உறவினருக்குத் தகவல் சொல்லி, மற்றவர்களுக்கு அவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

போன் அணைந்தால் அதிலிருக்கும் எண்களும் போய்விடும். 112 அவசர உதவி, 108 ஆம்புலன்ஸ், 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, அறுந்து கிடக்கும் மின்கம்பியைச் சொல்ல மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987. இவற்றோடு வீட்டு எண்கள் நாலைந்தையும் காகிதத்தில் எழுதி, செல்லோடேப் போட்டு டார்ச்சின் உடம்பிலேயே சுற்றி ஒட்டிவிடுங்கள்.